பாலைவனத்துச் சுழற்காற்று: ட்வீஸ்டர் என்னும் எதிரியைப் பற்றி

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரில் எங்கள் கோவிலின் மாலை வகுப்பில் தமிழ் படிக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் இப்படிக் கேட்டார்: “அக்கா, சூப்பர் மாரியோ 64 வீடியோ விளையாட்டில் பாலைவனத்தில் ஒரு சுழற்காற்று துரத்திக்கொண்டு வருகிறதே, அதை எப்படிக் கொல்வது? எதிரிகளின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. குத்திப் பார்த்தேன், மேலிருந்து மிதித்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் என்னைத்தான் தூக்கி வீசுகிறது. நம் ஊருக்கு வரும் சிக்லோனும் இதுவும் ஒன்றுதானா?” பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அன்று இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சிறுவயதிலிருந்து இந்த விளையாட்டோடு பழகியவள் என்ற முறையிலும், புயலுக்குப் பழகிய தீவில் பிறந்தவள் என்ற முறையிலும், அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. அதைக் கொல்ல முடியாது. உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. அந்த விளையாட்டில் மற்ற எதிரிகளுக்கு மிதி பட்டாலோ குத்து பட்டாலோ என்ன ஆக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் காற்றுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. நீங்கள் அதை எந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தொட்டாலும் விளைவு ஒன்றுதான்: அது உங்களை உள்ளே இழுத்து மேலே அனுப்பும். ட்வீஸ்டர் என்ற பெயரே, சுழற்காற்றை ஆங்கிலப் பேச்சுவழக்கில் குறிக்கும் ட்விஸ்டர் என்ற சொல்லைச் சற்றே திரித்து வைத்ததுதான். பெயரில் இருப்பது போலவே அது முறுக்கும், சுழற்றும், விட்டுவிடும். அதற்குமேல் அதற்கு வேறு வேலை கிடையாது.

அது வாழும் இடத்தைச் சற்று நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் இடம் தெரியாமல் இந்த எதிரியைப் புரிந்துகொள்ள முடியாது. சூப்பர் மாரியோ 64, 1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 64 என்ற விளையாட்டுக் கருவியோடு சேர்ந்தே வெளிவந்தது. அதன் பதினைந்து பெரிய உலகங்களில் எட்டாவது, ஷிஃப்டிங் சாண்ட் லேண்ட் என்னும் பாலைவனம். கோட்டையின் நிலவறையில், ஓவியம் எதுவும் தொங்காத ஒரு வெற்றுச் சுவருக்குள் பாய்ந்துதான் அங்கே நுழைய வேண்டும். உள்ளே நடுவில் ஒரு பிரமிடு, அதைச் சுற்றி நான்கு உயரமான தூண்கள், ஒரு சிறு பாலைவனச் சோலை, நாம் சேர்க்க வேண்டிய நட்சத்திரத்தைக் காலில் பிடித்துக்கொண்டு வட்டமிடும் கிளெப்டோ என்ற கழுகு, இவற்றுக்கிடையே புதைமணல். புதைமணலில் எல்லாம் ஒரே வகை அல்ல. சில இடங்களில் கால் சற்றுப் புதையும், துள்ளித் துள்ளி வெளியே வந்துவிடலாம். சில இடங்களில் கால் பட்ட மாத்திரத்தில் நாம் இயக்கும் நாயகன் மாரியோவை முழுவதுமாக விழுங்கிவிடும், எத்தனை உயிர்ச்சக்தி மிச்சமிருந்தாலும் பயனில்லை. இந்த இரண்டாவது வகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுழற்காற்றைப் பற்றிய பேச்சில் அது திரும்ப வரும்.

இனி அந்தக் காற்றின் நடத்தைக்கு வருகிறேன். பலர் அது பாலைவனத்தில் கண்டபடி அலைகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு ட்வீஸ்டருக்கும் மணலில் ஒரு குறிப்பிட்ட இருப்பிடம் உண்டு. மாரியோ தொலைவில் இருக்கும்வரை அது அங்கேயே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். மாரியோ ஓரளவு நெருங்கியதும் காற்றின் ஓசை எழும். அதே இடத்தில் நின்றபடி, ஏறத்தாழ இரண்டு நொடியில், தரையிலிருந்து வளர்ந்து முழு உயரம் அடையும். அதற்குப் பிறகுதான் துரத்தல் தொடங்கும். துரத்தும்போது அதன் வேகம் மாறுவதே இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும் ஒரே சீரான வேகம்தான், அது முழு வேகத்தில் ஓடும் மாரியோவின் வேகத்தைவிடக் குறைவு. மேலும் அது சட்டென்று திரும்பாது. மாரியோ இருக்கும் திசையை நோக்கி ஒவ்வொரு கணமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முகம் திருப்பும், ஆகவே நேராகப் பின்வாங்கி ஓடுவதைவிட, அது நெருங்கி வரும்போது பக்கவாட்டில் ஒதுங்குவது எளிது. மாட்டுவண்டி திரும்புவது போல அது அகலமாக வளைந்து வருவதற்குள் நீங்கள் அடுத்த மேட்டுக்குப் போய்விடலாம்.

துரத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. தன் இருப்பிடத்தைச் சுற்றிய வட்டத்துக்குள் மாரியோ இருக்கும்வரைதான் அது துரத்தும். நீங்கள் அந்த வட்டத்தைத் தாண்டினாலோ, அல்லது அது உங்களை ஒருமுறை தூக்கி வீசி முடித்தாலோ, அது வீடு திரும்பி, சுருங்கி, மணலுக்குள் மறைந்துவிடும். நீங்கள் போதிய தொலைவு விலகினாலோ, சற்று நேரம் கழிந்தாலோ அது அடுத்த முறைக்குத் தயாராகும். உறக்கம், துரத்தல், திரும்புதல் என்ற இந்தச் சுற்றைப் பார்த்துப் பழகிவிட்டால், பாலைவனத்தில் பாதிப் பயம் போய்விடும். என் மாமா மகனும் நானும் சிறுவயதில் இந்த வட்டத்தின் விளிம்பைக் கண்டுபிடிக்கவே ஒரு முழுச் சனிக்கிழமை மதியத்தைச் செலவழித்தோம். தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டைத் திறந்து வைத்து, தூண்களையும் சோலையையும் பென்சிலால் வரைந்து, காற்று எங்கே நின்று திரும்புகிறதோ அங்கெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு வந்தோம். கடைசியில் புள்ளிகள் ஒரு வட்டமாக வந்து நின்றதைப் பார்த்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி எந்த நட்சத்திரத்தைப் பிடித்தபோதும் ஏற்பட்டதில்லை.

காற்று உங்களைத் தொட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பதிலின் முக்கியமான பகுதி, எனவே சற்று நிதானமாகச் சொல்கிறேன். தொட்டவுடன் மாரியோ அலறிக்கொண்டே சுழலத் தொடங்குவார். காற்றின் நடு அச்சைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, அதன் உச்சியைத் தாண்டியதும் விடுபட்டு, அதே சுழற்சியோடு மெல்ல இறங்குவார். இந்த முழு நிகழ்விலும் திரையின் மேலே இருக்கும் எட்டுத் துண்டு கொண்ட உயிர்ச்சக்தி வட்டத்தைக் கவனித்துப் பாருங்கள்: ஒரு துண்டுகூடக் குறையாது. சாதாரணமாக அந்த உயரத்திலிருந்து விழுந்தால் கட்டாயம் குறையும். சுழன்றபடி இறங்கினால் குறையாது, எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி.

அப்படி இறங்கும்போது ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. அழுத்திப் பிடித்தால் மாரியோ சுழலும் வேகம் கூடும். சுழற்சி கூடக் கூட இறங்கும் வேகம் குறையும். விட்டுவிட்டால் சுழற்சி தளரும், இறக்கம் விரைவாகும். வேறுபாடு மிகப் பெரியது அல்ல, ஆனால் எட்டாமல் போகவிருந்த ஒரு தூணின் விளிம்பை எட்டுவதற்கு அந்தச் சிறு வேறுபாடு போதும். இறங்கும்போது கட்டுப்பாட்டுக் குச்சியைத் தள்ளித் திசையை மாற்றலாம்; ஆனால் சுழன்று இறங்கும் மாரியோவால் பாயவோ, தரையை நோக்கி இடித்து இறங்கவோ முடியாது. சுவரில் மோதினால் பின்னுக்குத் தெறித்துப் போவார். ஆகவே தூணை நோக்கிச் செல்லும்போது அதன் உச்சிக்கு மேலே போதிய உயரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நெருங்குங்கள். நான் பார்த்தவரை தோல்விகளில் பெரும்பாலானவை, அவசரப்பட்டுத் தூணின் பக்கவாட்டில் போய் முட்டிக்கொள்வதால் நிகழ்பவையே.

காற்று அடிக்காது, உயிர்ச்சக்தியைக் குறைக்காது, பாதுகாப்பாக இறக்கியும் விடுகிறது என்றால் அது எதிரியா என்ற கேள்வி எழுவது இயல்பு. இங்கேதான் அந்தப் புதைமணலை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. காற்று உங்களுக்கு எந்தக் கேடும் செய்வதில்லை, ஆனால் உங்களை எங்கே இறக்கிவிடுகிறது என்பதைப் பற்றி அது கவலைப்படுவதும் இல்லை. நீங்கள் திகைத்துக் குச்சியை அங்குமிங்கும் தள்ளிவிட்டால், விழுங்கும் மணலின் நடுவே போய் இறங்குவீர்கள். இதைவிட மோசமான ஒன்று உண்டு. அந்த உலகத்தில் ஒரு பெட்டியை உடைத்தால் ஆமையின் ஓடு ஒன்று கிடைக்கும். அதன்மேல் ஏறி நின்றால் விழுங்கும் மணலின் மேலும் வழுக்கிக்கொண்டே போகலாம். ஓட்டின்மேல் சவாரி செய்யும்போது சுழற்காற்று தொட்டுவிட்டால், மாரியோ ஓட்டைவிட்டுப் பிரிந்து மேலே போய்விடுவார். கையில் எதையாவது தூக்கி வைத்திருந்தாலும் அப்படியே நழுவிவிடும். கீழே இறங்கும்போது ஓடு இருக்காது, மணல் மட்டும் இருக்கும். அந்த உலகத்தில் நான் இழந்த உயிர்களில் பெரும்பங்கு இப்படிப் போனவைதான். ஒன்றுகூடக் காற்று நேராகக் கொன்றது அல்ல.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், முதலில் கெட்டியான தரையில் நின்றுகொண்டு காற்றை எழுப்புங்கள். அது முழு உயரம் அடையும்வரை காத்திருங்கள், தூணும் நீங்களும் காற்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வரும்படி நகர்ந்துகொள்ளுங்கள், பிறகு நீங்களாகவே அதற்குள் நடந்து செல்லுங்கள். ஏ பொத்தானை விடாமல் பிடித்து, உச்சியில் விடுபட்ட கணத்திலிருந்தே தூணை நோக்கிக் குச்சியைத் தள்ளுங்கள். நான்கு தூண்களின் உச்சியிலும் கால் வைத்துவிட்டால் பிரமிடின் முகடு சுழன்று வெடித்துத் திறக்கும். அதற்குள் இறங்கித்தான் ஐராக் என்ற, கல்லால் ஆன இரு கைகளோடு மோத முடியும். இறக்கை முளைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு பறந்து போவதுதான் அங்கே வழக்கமான வழி என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தொப்பியின் நேரம் தீர்ந்து, பாதித் தூண்களோடு தரையில் நிற்கும்போது, மணலுக்குள் சுருங்கிக் கிடக்கும் அந்தக் காற்றே உங்களுக்குக் கிடைக்கும் படிக்கட்டு. விளையாட்டை அமைத்தவர்கள் ஓர் எதிரியையே ஏணியாகவும் வைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இதே சுழன்றிறங்கும் அசைவு அந்த விளையாட்டில் வேறு இரண்டு இடங்களிலும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். தலையில் விசிறி சுழலப் பறக்கும் ஃப்ளை கை மீது மிதித்தாலும், பனி உலகங்களில் பூவைப் போலச் சுழன்று வரும் ஸ்பின்ட்ரிஃப்ட் மீது மிதித்தாலும் மாரியோ இப்படியே சுழன்று எழுவார். வேறுபாடு என்னவென்றால், அவை மிதிபட்டு அழிந்துபோகும். பக்கத்திலிருந்து பட்டால் உங்களுக்கு அடி விழும். ட்வீஸ்டர் உங்களை அடிப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. எதிரிகள் என்ற வரிசையில் அதைச் சேர்ப்பது சரியா என்று என்னைக் கேட்டால், சரிதான் என்பேன். துரத்துகிறது, நம் திட்டத்தைக் குலைக்கிறது, கையில் இருப்பதைப் பறிக்கிறது. எதிரி என்பதற்கு இவை போதுமான இலக்கணம்.

மாரியோ தொடரின் மற்ற விளையாட்டுகளிலும் சுழற்காற்று வருகிறது, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-இன் பாலைவன உலகத்திலேயே, புதைமணல் இருக்கும் கட்டத்தில், மாரியோவைத் தூக்கி எறியும் ஒரு சுழல் இருந்தது. 64-இல் வருவது அதன் முப்பரிமாண வடிவம் என்று கொள்ளலாம். நின்டெண்டோ 64-இன் பேப்பர் மாரியோவில் பாலைவனச் சுழல் மாரியோவை அள்ளிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் போட்டுவிடும். 2003-இன் மாரியோ கார்ட் டபுள் டேஷ் பந்தயத்தில் பாலைவனத் தடத்தின் குறுக்கே அது உலவும். அங்கே மட்டும் தொட்டவருக்கு இழப்புதான், நேரம் போய்விடும். 2007-இன் சூப்பர் மாரியோ கேலக்ஸியின் டஸ்டி டியூன் பகுதியில் அது முழுக்க முழுக்க உதவிக்காரனாகிவிட்டது: உள்ளே போய் உயரே எழுந்து மிதந்து செல்வதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. நின்டெண்டோ நிறுவனத்தின் மற்றொரு தொடரான கர்பியில், 1993-இல் வந்த கர்பிஸ் அட்வெஞ்சரில், சுழற்காற்று உருவிலான ட்விஸ்டர் என்ற சிறு எதிரியை விழுங்கினால் கர்பியே சுழற்காற்றாக மாறிவிடும். எதிரியின் பலத்தை உண்டு செரித்துக்கொள்ளும் அந்த வழி மாரியோவுக்கு இல்லை.

ஆனால் ஒரு தீவுக்காரியாகிய எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமானது வேறொரு சுழல். செல்டா தொடரின் விண்ட் வேக்கர் என்ற விளையாட்டு 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதில் உலகமே ஒரு பெருங்கடல்; ஏழுக்கு ஏழாக நாற்பத்தொன்பது கட்டங்களாகப் பிரிந்த அந்தக் கடலில் ஒரு சிறு பாய்மரப் படகில் கதைநாயகன் லிங்க் தீவு தீவாகப் போகிறான். நடுக்கடலில் திடீரென்று ஒரு சுழற்புயல் எழுந்து படகை இழுக்கும். உள்ளே அகப்பட்டால் படகு சுற்றிச் சுற்றி ஓடும், தலைக்கு மேலே மேகத்தின்மேல் ஒரு தவளை அமர்ந்திருக்கும். அதன் பெயர் சைக்ளோஸ். காற்றுத் தெய்வங்கள் இருவரில் ஒருவர். சைக்ளோஸின் நினைவுக்கல் உடைக்கப்பட்டதால்தான் அவருக்குக் கோபம் என்று அவருடைய சகோதரர் செஃபோஸ் முன்பே சொல்லியிருப்பார். வில் கிடைப்பதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. படகு எங்கோ ஒரு கட்டத்தில் வீசி எறியப்படும். வில் வந்த பிறகு, சுழன்றுகொண்டே குறிபார்த்து மூன்று அம்புகளை அவர்மேல் எய்துவிட்டால் அவர் சினம் தணிந்து ஒரு பாடலைக் கற்றுத் தருவார். அந்தப் பாடலை இசைத்தால் அதே சுழற்புயல் வந்து, நீங்கள் தேர்ந்தெடுக்கும் தீவுக்குப் படகைக் கொண்டுபோய் விடும். இங்கேயும் சைக்ளோஸ் சாவதில்லை என்பதைப் பாருங்கள். தெய்வம் சினந்தால் கொல்வதா, தணிவிப்பதா? கூழ் ஊற்றி அம்மனைக் குளிர்விக்கும் வழக்கத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை விளக்கமின்றியே புரியும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: இதுவும் நம் சிக்லோனும் ஒன்றா? இல்லை. இயற்கையில் சுழலும் காற்றுகள் பிறக்கும் முறையால் வேறுபடுகின்றன, அவற்றை ஒன்றாகக் குழப்பக் கூடாது. டொர்னேடோ எனப்படுவது பெரும் இடிமேகத்தோடு பிறப்பது. மேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீளும் குறுகிய, மிகக் கடுமையான சுழல். நம் சிக்லோன் வெதுவெதுப்பான கடலின்மேல் பிறப்பது. பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது, பல நாட்கள் வாழ்வது, நடுவில் கண் எனப்படும் அமைதியான பகுதி உடையது. மூன்றாவது ஒன்று உண்டு: வெயில் கொளுத்தும் தரையின்மேல் சூடான காற்று சட்டென்று எழும்போது, சுற்றியிருக்கும் காற்று உள்ளே விரைந்து, மேகமே இல்லாத வானத்தின் கீழ் புழுதியை அள்ளிக்கொண்டு சுழலும் சிறு சுழிக்காற்று. ஷிஃப்டிங் சாண்ட் லேண்டின் வானத்தில் இடிமேகம் இல்லை. ட்வீஸ்டர் மேலிருந்து இறங்குவதில்லை, மணலிலிருந்து மேலே வளர்கிறது. பிறப்பை வைத்துப் பார்த்தால் அது இந்த மூன்றாவது வகை. உருவத்தை மட்டும், மேலே அகன்று கீழே குறுகும் புனல் போல, டொர்னேடோவிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த மூன்றாவது வகையை நீங்கள் நம் தீவிலேயே பார்க்கலாம். வடக்கில் கரும்பு வெட்டி முடித்த ஒரு வயலின் ஓரமாக, அக்டோபர் மாதத்து நண்பகல் ஒன்றில், நான் பேருந்துக்காக நின்றிருந்தேன். இலை அசையவில்லை. வயலின் நடுவில் காய்ந்த சோகைகள் நான்கைந்து முதலில் தரையிலேயே வட்டமிட்டன. பிறகு அவை எழுந்து, செம்மண் தூளும் சேர்ந்துகொள்ள, ஒரு சவுக்கு மரத்தின் உயரத்துக்கு ஒரு தூண் உருவானது. சருகுகள் உரசும் சரசரப்பு மட்டும் கேட்டது. அது வயலின் ஓரம்வரை நகர்ந்து வந்தது; கல் குவியலைத் தொட்டதும் கலைந்து, சோகைகள் ஒவ்வொன்றாகச் சுழன்றபடியே மெல்லத் தரை இறங்கின. அவை இறங்கிய விதம் மாரியோ இறங்குவதை எனக்கு அப்படியே நினைவூட்டியது. மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. இத்தகைய சிறு சுழிகள் வலமாகவும் சுழலும், இடமாகவும் சுழலும்; பூமியின் சுழற்சி அவற்றின் திசையை முடிவு செய்வதில்லை. சிக்லோன் அப்படி அல்ல. நாம் வாழும் தென் அரைக்கோளத்தில் அது எப்போதும் கடிகார முள் செல்லும் திசையிலேயே சுழலும்.

சிக்லோன் யாரையும் துரத்துவதில்லை, அதற்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை. சுற்றியுள்ள பெரிய காற்றோட்டங்கள் தள்ளும் வழியில் போகும். குளிர்ந்த நீரை அடைந்தாலோ பெருநிலத்தில் ஏறினாலோ வலுவிழக்கும். ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்வதுதான் தீவில் வாழ்வதற்கான படிப்பு. நம் புயற்பருவம் நவம்பரில் தொடங்கி மே மாத நடுப்பகுதிவரை நீளும். தைப்பூசக் காவடி அதன் உச்சத்தில் வருவதால், காவடி கட்டும் வீடுகளில் அரகஜா வாசனையோடு வானொலியின் புயல் அறிவிப்பும் சேர்ந்தே இருக்கும். எச்சரிக்கை நான்கு படிகளாக ஏறும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடிய காற்றை எதிர்பார்த்துத்தான் அந்தப் படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வேகம் பதிவாகி, தொடரும் என்று தெரியும்போது நான்காம் படி அறிவிக்கப்படும்.

புயலின் கண்ணைப் பற்றி என் பாட்டி சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். 1960 பிப்ரவரி இறுதியில் கரோல் என்ற புயல் வந்தது. நம் தீவு அதன் கண்ணுக்குள்ளேயே அகப்பட்டது. பாட்டி அப்போது சிறுபெண். பல மணி நேரம் ஒரு பக்கத்திலிருந்து அடித்த காற்று திடீரென்று நின்றது, வெளிச்சம் வந்தது, பறவைகூடப் பறந்தது என்பார். அக்கம்பக்கத்தார் பறந்துபோன கூரைத் தகரங்களைப் பொறுக்க வெளியே ஓடினார்கள். பாட்டியின் தந்தை மட்டும் கதவை இன்னும் இறுக்கிக் கட்டி, காற்று இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லி, பிள்ளைகளை அறையின் அந்தப் பக்கச் சுவரைவிட்டு நகர்த்தி உட்கார வைத்தாராம். அப்படியே வந்தது. அந்தப் புயலில் ஓலையும் தகரமும் வேய்ந்த வீடுகள் பல்லாயிரக்கணக்கில் போன பிறகுதான், இன்று நீங்கள் தெருவெங்கும் பார்க்கும் தட்டைக் கூரை கான்கிரீட் வீடுகள் பெருகின.

காற்றைவிட இறங்கும் இடமே ஆபத்து என்று மாரியோவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, புயலிலும் காற்றோடு ஆபத்து முடிவதில்லை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் என்ற புயல் நம்மை ஒட்டிச் சென்றபோது, போர்ட் லூயிஸின் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று தலைநகரத்தை முடக்கியது மழைநீர்தான். பக்கத்துத் தீவான ரெயூனியனில் 1980 ஜனவரியில் ஹயசிந்த் என்ற புயல் பத்து நாட்களில் 5,678 மில்லிமீட்டர் மழையைக் கொமெர்சோன் எரிமலை வாயில் கொட்டியது. அது உலகச் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீர், ஒரு மாடி வீட்டைவிட உயரம். ஆகவே விளையாட்டில் காற்றுக்குள் நடந்து போகும் பழக்கத்தைத் திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடாதீர்கள், தம்பி. நான்காம் படி அறிவித்த பிறகு வாசலுக்குப் போய்ப் படம் எடுப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன், மனம் பதைக்கிறது.

தமிழ் வகுப்பில் கேட்ட கேள்வி என்பதால் சொல்லைப் பற்றியும் ஒன்று. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் சிக்லோனைப் பெரும்பாலும் புயல் என்கின்றன. இலங்கையில் அதையே சூறாவளி என்பார்கள். டொர்னேடோவுக்கும் சூறாவளி என்றே எழுதுவோர் உண்டு. இதனால் படிப்பவர் எது எந்தக் காற்று என்று தடுமாற வேண்டியிருக்கிறது. நீங்கள் கட்டுரை எழுதும்போது சிக்லோனுக்குப் புயல் என்றும், மேகத்திலிருந்து இறங்குவதற்குச் சூறாவளி என்றும், வெயிலில் தரையிலிருந்து எழுவதற்குச் சுழிக்காற்று என்றும் பிரித்து எழுதலாம். ட்வீஸ்டரை மணற்சுழி என்று எழுதினால் எனக்கு மகிழ்ச்சி. அடுத்த வகுப்புக்கு வரும்போது, எந்தத் தூணின்மேல் முதலில் இறங்கினீர்கள், எந்தப் பக்கத்திலிருந்து காற்றுக்குள் போனீர்கள் என்பதையும் ஒரு தாளில் வரைந்து கொண்டு வாருங்கள்; என் பழைய குறிப்பேடு இன்னும் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.